பழைய கெப்பில் புதிய எஞ்சின்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

1970களின் ஹைலக்ஸ், டட்சன் 620 போன்ற கார்பரேற்றர் கெப்களில் (பிக்அப்) ஜப்பானில் இருந்து வந்த ஈஎஃப்ஐ (எலக்ட்ரோனிக் முறையில் பெற்றோலைப் பீய்ச்சும்) பெற்றோல் எஞ்சினை இறக்கிய பிறகு வரும் கோளாறுகளுக்கான வழிமுறை இது. எடுத்துக்காட்டு எல்லாம் 2004க்குப் பிந்திய ஹயேஸ், ஹைலக்ஸில் வந்த 1டிஆர்-எஃப்இ எஞ்சினை ஒட்டியவை. இரண்டு லீற்றர், விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு), ஸ்பார்க் பிளக்குக்கு ஒரு கொயில், கேபிள் இல்லாத எலக்ட்ரோனிக் திரொட்டில். மற்ற டொயோட்டா எஞ்சின்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்ல வேண்டும். இந்த வண்டிகளில் எஞ்சினோ, அதை இயக்கும் கணினியான ஈசியூவோ பழுதாகி நிற்பது அரிது. பழைய வண்டியும் புதிய எஞ்சினும் சந்திக்கிற இடத்தில்தான் கோளாறு இருக்கும்: பற்றரி வயர், எர்த், திறப்பு சுவிச், பெற்றோல் குழாய், மீற்றர் போர்ட். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்குப் போய் இன்னொரு ஈசியூ வாங்கி வருவது மிக விலை கூடிய தவறு. இம்மொபிலைசர் (சரியான திறப்பு இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள ஈசியூவாக இருந்தால், முன்பு இல்லாத இன்னொரு கோளாறும் அதனோடு சேர்ந்து வரும்.

கையில் வேண்டியவை: மல்டிமீற்றர், எல்ஈடி டெஸ்ட் லைட், பெற்றோல் பிரஷர் கேஜ், ஈசியூவின் கோளாறுக் கோட்களையும் நேரடித் தரவையும் காட்டும் ஓபிடி ஸ்கானர், அந்த எஞ்சினுக்குரிய ஈசியூ பின் வரைபடம். பழைய பல்ப் டெஸ்ட் லைட்டை ஈசியூ வயர்களில் வைக்காதீர்கள். அது இழுக்கும் மின்னோட்டம் ஈசியூவின் உள் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும்.

எந்த அறிகுறியானாலும் முதல் பத்து நிமிடம்

பற்றரி ஓய்வில் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. போனால் வேறு எதையும் அளக்க வேண்டாம், பற்றரியையும் முனைகளையும் சரி செய்யுங்கள்.

அடுத்தது எர்த். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் கம்பத்திலும் (கிளிப்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே) மறு முனையை எஞ்சின் புளொக்கின் வெறும் இரும்பிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதாது. பழைய கெப்பில் பற்றரியில் இருந்து பொடிக்கு (வண்டியின் உடலுக்கு) ஒரு மெல்லிய பின்னல்தான் இருக்கும். புதிய எஞ்சினுக்குப் பற்றரியில் இருந்து நேராகப் புளொக்குக்கு 25 சதுர மில்லிமீற்றர் கேபிள், புளொக்கில் இருந்து சேசிக்கு ஒன்று, பொடிக்கு ஒன்று என மூன்று வேண்டும். எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் பல நேரம் காரணம் கண்ணிலேயே தெரியும்: வளையத்தின் அடியில் முழுப் பெயின்ட், அதன் விளிம்பில் பச்சைத் தூள். காலி வீதிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். பெயின்ட்டைச் சுரண்டி, பல்லுள்ள வொஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

மூன்றாவது, ஈசியூவின் சொந்த எர்த். டொயோட்டா வயரிங்கில் இவை வளைய முனைகளாக எஞ்சினிலேயே, பெரும்பாலும் இன்டேக் பக்கத்தில், போல்ட் போடப்பட்டவை. ஹாஃப் கட்டில் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த வண்டியில்) இருந்து எஞ்சினை இறக்கும்போது கழற்றிய அந்த வளையங்களைத் திரும்பப் போட மறந்து, கியர்பொக்ஸ் மேல் தொங்கவிட்டிருப்பார்கள். ஈசியூவின் எர்த் பின்னுக்கும் பற்றரி நெகட்டிவுக்கும் இடையே, எஞ்சின் ஓடும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

அறிகுறி: திறப்பைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை

ஸ்டார்ட்டர் சொலினொயிட்டின் சிறிய வயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள்.

*வருகிறது, சுற்றவில்லை என்றால்* பெரிய கேபிள், எர்த், ஸ்டார்ட்டர் என்ற வரிசையில் போங்கள். ஜம்ப் வயரால் பற்றரி நெகட்டிவைப் புளொக்கோடு இணைத்ததும் சுற்றினால் கோளாறு எர்த்தில்தான்.

*வரவில்லை என்றால்* கியர்பொக்ஸைக் கவனியுங்கள். ஓட்டோ கியர்பொக்ஸுக்குரிய எஞ்சினாக வாங்கி மனுவல் கியர்பொக்ஸ் போட்டவர்களுக்கு இது சாதாரணம். பார்க், நியூட்ரல் சுவிச் வழியாகத்தான் ஸ்டார்ட்டர் மின்சாரம் போகும். அந்த சுவிச் இப்போது இல்லை. வெறுமனே இரண்டு வயரையும் முறுக்கிவிடாமல் கிளச் பெடலில் ஒரு சுவிச் வைத்து அதன் வழியே கொடுங்கள். கியரில் நிற்கும் வண்டி திறப்பைத் தொட்டதும் பாயாமல் இருக்க அதுதான் காவல்.

*ஒரு நாள் சுற்றும், ஒரு நாள் டிக் என்று மட்டும் கேட்கும்* என்றால் ஐம்பது வயது திறப்பு சுவிச்சின் தொடுமுனைகள் தேய்ந்துவிட்டன. சொலினொயிட் வயரை 40 அம்பியர் ரிலே வழியே கொடுங்கள். சுவிச் ரிலேயை மட்டும் இயக்கட்டும்.

அறிகுறி: ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

இங்கேதான் நேரமும் பணமும் அதிகம் வீணாகின்றன. பிடிக்காத விதத்தைக் கவனித்தால் பாதி வேலை முடியும்.

*அ) திறப்பை விட்ட அந்தக் கணத்தில் மட்டும் பிடிக்கப் பார்க்கிறது*

ஈசியூவுக்குப் போகும் மின்சாரம் ஸ்டார்ட்டர் சுற்றும்போது நின்றுபோகிறது. பழைய சுவிச்சில் சில முனைகள் ஓன் நிலையில் உயிரோடு இருந்து, ஸ்டார்ட் நிலையில் செத்துப்போகும். ரேடியோ, வைப்பர் வயர்கள் அப்படிப்பட்டவை. ஒருவர் திறப்பைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்க, மற்றவர் ஈசியூவில் திறப்பின் மின்சாரம் வரும் ஐஜிஎஸ்டபிள்யூ பின்னில் அளக்க வேண்டும். ஓன், ஸ்டார்ட் இரண்டிலும் மின்சாரம் தரும் முனைக்கு அந்த வயரை மாற்றுங்கள். வேலை கால் மணி நேரம், செலவு ஒரு முழம் வயர்.

*ஆ) ஈசியூவுக்கு வரும் மின்சாரம் 8 அல்லது 9 வோல்ட்தான்*

பழைய இக்னிஷன் கொயிலின் பிளஸ் வயரில் இருந்து ஈசியூவுக்கு மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். அந்த வழியில் பலாஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும். சில வண்டிகளில் அது ஃபயர்வோலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகடு) வெள்ளைப் பீங்கான் கட்டியாகத் தெரியும், சிலவற்றில் வயரே ரெசிஸ்டராக இருக்கும். வெளியே எதையும் காணாததால் வயர் நேரானது என்று நினைத்து ஏமாறுவார்கள். கொயில் வயரை முழுதாக விட்டுவிட்டுத் திறப்பில் இருந்து புதிய வயர் இழுங்கள்.

டொயோட்டா ஈசியூவுக்கு மூன்று உணவு வேண்டும்: எப்போதும் உயிரோடு உள்ள பாட், திறப்பில் இருந்து ஐஜிஎஸ்டபிள்யூ, மெயின் ரிலே வழியே வரும் பிளஸ் பி. ஐஜிஎஸ்டபிள்யூ வந்ததும் ஈசியூவே எம்ரெல் பின் வழியாக மெயின் ரிலேயை இழுக்கும். ஆகவே ரிலே டக் என்று இழுக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். இழுத்தால் ஈசியூ விழித்திருக்கிறது. எலக்ட்ரோனிக் திரொட்டில் உள்ளவற்றில் பிளஸ் பிஎம் என்று நான்காவது ஒன்றும் உண்டு; அதற்குத் தனி பியூஸ்.

*இ) பிடித்து ஓரிரு விநாடியில் அணைகிறது, ஒவ்வொரு முறையும் அதே அளவில்*

இம்மொபிலைசர். பெற்றோல் கோளாறு இவ்வளவு ஒழுங்காக நடக்காது. சில வண்டிகளில் பிடிக்கவே பிடிக்காமல் இன்ஜெக்டர் துடிப்பு மட்டும் இல்லாமல் இருக்கும். திறப்பில் உள்ள சிப், திறப்புத் துளையைச் சுற்றிய அன்டெனா வளையம், இம்மொபிலைசர் பெட்டி, ஈசியூ எல்லாம் ஒரே வண்டியில் இருந்து வந்திருக்க வேண்டும். எஞ்சின் வாங்கும்போதே திறப்பு, திறப்புக் குடம், எக்சலரேற்றர் பெடல், வெட்டாத வயரிங் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். ஃபயர்வோலில் வெட்டிய வயரிங்கோடு விலை குறைத்துக் கிடைக்கும் எஞ்சின், வயரிங்காரரின் கூலியைச் சேர்த்தால் அதிக விலைக்கே வந்து நிற்கும்.

செட் முழுதாக இருந்து அணைந்தால் அன்டெனா வளையத்தின் பிளக்கையும், வளையத்துக்கும் திறப்புக்கும் உள்ள தூரத்தையும் பாருங்கள். பழைய திறப்பை வைத்துக்கொள்வதற்காகச் சிப்பை வளையத்துக்குள் ஒட்டி டாஷ்போர்டுக்குள் மறைப்பவர்கள் உண்டு. வேலை செய்யும். ஆனால் திருட்டுப் பாதுகாப்பு அதோடு போய்விடும், பெற்றோல் பம்ப் வயரில் மறைவான சுவிச் ஒன்றாவது வையுங்கள். செட் முழுதாக இல்லையென்றால் இங்கேயே நிறுத்தி, ஈசியூ நினைவகத்தை எழுதத் தெரிந்தவரிடம் போங்கள். வீட்டில் தீராது.

*ஈ) பெற்றோல் வாடையே இல்லை*

பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா? பல டொயோட்டாக்களில் திறப்பைப் போட்டதும் ஓடாது. ஸ்டார்ட்டர் சுற்றி, எஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சரின் சிக்னல் ஈசியூவுக்கு வந்த பிறகே ஓடும். ஆகவே சத்தம் இல்லை என்பதால் பம்ப் பழுதென்று முடிவு கட்ட வேண்டாம். பம்ப் ரிலேயைக் கழற்றி அதன் பற்றரி, பம்ப் முனைகளைப் பியூஸ் வைத்த வயரால் இணையுங்கள். ஓடினால் பம்ப் நல்லது; ரிலே, ஈசியூ கட்டளை, கிராங்க் சென்சர் பக்கம் பாருங்கள். ஓடாவிட்டால் பியூஸ், பம்ப் எர்த், பம்ப் என்று போங்கள்.

பிறகு பிரஷர். மிச்சப் பெற்றோலைத் தாங்கிக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாய் இல்லாத வகைக்கு, இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் தரும் ரெயிலில் 3 முதல் 3.4 பார் இருக்க வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் 0.2 முதல் 0.35 பார்தான் தரும், அதை வைத்து ஓட்டும் முயற்சி வேண்டாம். கார்பரேற்றர் காலத்து ரப்பர் குழாயும் 3 பாருக்கு ஆகாது. எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஈஎஃப்ஐ குழாயும், விளிம்பு மடித்த இன்ஜெக்ஷன் கிளிப்பும் போடுங்கள். துளையுள்ள புழுக் கிளிப் குழாயை அறுத்துவிடும்; அறுந்தால் பெற்றோல் பீய்ச்சும் இடம் சூடான எக்சோஸ்ட்.

*உ) பெற்றோல் உண்டு, ஸ்பார்க் இல்லை*

ஸ்கானரில் சுற்றும்போது ஆர்பிஎம் காட்டுகிறதா பாருங்கள். 200 போல வர வேண்டும். பூச்சியம் என்றால் கிராங்க் சென்சர்: பிளக், வயரின் ஷீல்ட் எர்த், பிறகு சென்சரின் ரெசிஸ்டன்ஸ். குளிரில் எஞ்சின் வகையைப் பொறுத்து 1 முதல் 2.7 கிலோ ஓம். ஷீல்ட் உள்ள இந்த வயரைச் சாதாரண வயரால் நீட்டி, கொயில் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் ரெசிஸ்டன்ஸ் சரியாக இருந்தும் சிக்னல் கெட்டுப்போகும்.

ஆர்பிஎம் வருகிறது என்றால் கொயிலின் நான்கு வயர்கள்: 12 வோல்ட், எர்த், ஐஜிடி, ஐஜிஎஃப். ஐஜிடி கட்டளை, ஐஜிஎஃப் பதில். நான்கு கொயில்களின் ஐஜிஎஃப் ஒன்றாகச் சேர்ந்து ஈசியூவுக்குப் போகும். அந்தப் பதில் வராவிட்டால் ஈசியூ பெற்றோலையும் நிறுத்திவிடும். பழைய ஆர்பிஎம் மீற்றரை இந்த வயர்களில் எங்காவது செருகியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

இவை எல்லாம் சரியாகி, 3 பாரும் ஸ்பார்க்கும் இன்ஜெக்டர் துடிப்பும் இருந்தும் பிடிக்காவிட்டால் கொம்பிரஷன் அளந்து, டைமிங் செயினைப் பார்க்க எஞ்சின் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

அறிகுறி: ஐடில் (பெடலை மிதிக்காத ஓட்டம்) ஏறி இறங்குகிறது, வீதிச் சிக்னலில் அணைகிறது

முதல் வேலை, பற்றரி கழற்றிய பின் திரொட்டில் தன் நிலையைக் கற்கவிடுவது. ஏசி, லைட் எல்லாம் நிறுத்தி, பெடலைத் தொடாமல், எஞ்சின் சூடேறிய பின்னும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். 650 முதல் 750 ஆர்பிஎம்முக்குள் அமர்ந்தால் முடிந்தது.

அமராவிட்டால் ஸ்கானரில் ஃபியூவல் டிரிம் பாருங்கள்; ஈசியூ பெற்றோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது காட்டும். ஐடிலில் கூட்டல் 15, 20 சதவீதம் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் குறைந்தால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. பிரேக் பூஸ்டர் குழாயை முதலில் பாருங்கள். பழைய பூஸ்டருக்கும் புதிய இன்டேக்குக்கும் குழாய் விட்டம் வேறு, ஆகவே இரண்டு அளவையும் கிளிப்பால் இறுக்கி வைத்திருப்பார்கள். பூஸ்டர் குழாயை மடித்து நெரித்ததும் ஐடில் நிலைத்தால் காரணம் கிடைத்துவிட்டது. பிசிவி குழாய், இன்டேக் கஸ்கட் அடுத்தவை. கார்பரேற்றர் கிளீனரை அடித்துப் பார்க்கும் வழக்கம் சூடான எக்சோஸ்ட் பக்கத்தில் ஆபத்து. புகை போட்டுப் பார்ப்பதே நல்லது.

டிரிம் ஐடிலில் சரி, இழுவையில் கூடுகிறது என்றால் காற்று அல்ல, பெற்றோல் போதவில்லை. கீழே மலை ஏற்றம் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சரின் குழாயை மாற்றியிருந்தால் அதுவே காரணமாகலாம். ஒரிஜினல் குடுவையின் விட்டத்துக்குத்தான் ஈசியூ கணக்குப் போடுகிறது. பெரிய குழாயில் சென்சரை மட்டும் குத்திவைத்தால் கணக்குத் தவறும். எண்ணெய் தடவிய கோன் ஃபில்டரின் எண்ணெய் சென்சர் கம்பியில் படிந்தாலும் இப்படித்தான்.

*ஓடிக்கொண்டிருந்து, கிளச் மிதித்து சந்தியில் நிற்க வரும்போது மட்டும் அணைகிறது* என்றால் வேக சிக்னல் ஈசியூவுக்குப் போகவில்லை. பி0500 கோட் கூடவே வரும். ஜப்பானியக் கணக்கு, ஸ்பீடோ கேபிள் கிலோமீற்றருக்கு 637 சுற்று, சுற்றுக்கு 4 துடிப்பு. கேபிள் வகைக் கியர்பொக்ஸில் இடையே செருகும் துடிப்பு சென்சர் கிடைக்கும். அதைப் போட்டால் பழைய கேபிள் ஸ்பீடோ மீற்றரும் ஓடும், ஈசியூவுக்கும் சிக்னல் போகும்.

கூலன்ட் சென்சரை 20 பாகையில் 2.2 முதல் 2.7 கிலோ ஓம், 80 பாகையில் ஏறத்தாழ 0.3 கிலோ ஓம் என்று சோதியுங்கள். கொழும்பின் காலை வெப்பத்தில் 2 கிலோ ஓமுக்குச் சற்றுக் கீழே காட்டினால் அது சரிதான்.

அறிகுறி: பெடலை மிதித்தாலும் எஞ்சின் ஏறவில்லை, செக் லைட் எரிகிறது

இது லிம்ப் நிலை: கோளாறைக் கண்டு ஈசியூவே எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. கோட் படியுங்கள்.

பி2118 என்றால் திரொட்டில் மோட்டருக்குரிய பிளஸ் பிஎம் மின்சாரம். பியூஸையும் அந்த வயரையும் பாருங்கள். திரொட்டில் பொடியை வாங்க ஓடாதீர்கள்.

பி2121, பி2138 என்றால் பெடல். பெடலுக்குள் இரண்டு சென்சர்கள். கால் எடுத்த நிலையில் ஒன்று 0.5 முதல் 1.1 வோல்ட், மற்றது 1.2 முதல் 2.0 வோல்ட். மிதிக்கும்போது இரண்டும் குதிக்காமல் சேர்ந்து ஏற வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி 5 வோல்ட், தனித்தனி எர்த். வயர் போதவில்லை என்று இரண்டு எர்த்தையும் ஒன்றாக முறுக்கியவர்களின் வண்டியில் இந்தக் கோட் தீராது.

வயரிங் சரியாக இருந்தும் மேடு பள்ளத்தில் மட்டும் கோட் வந்தால் கையால் பெடலை அழுத்திக்கொண்டே ஃபயர்வோல் தகட்டைப் பாருங்கள். பழைய கெப்பின் மெல்லிய தகடு பெடலோடு சேர்ந்து வளைகிறது. பின்னால் 3 மில்லிமீற்றர் தகடு வைத்து வெல்ட் செய்ய வேண்டும். கூடவே, கம்பளம் பெடலுக்கு அடியில் சிக்குகிறதா பாருங்கள். திரொட்டில் திறந்தபடி நிற்பது பிரேக் தோற்பதற்குச் சமம். இந்தக் கோளாறு தீரும்வரை வண்டியை வீதியில் இறக்க வேண்டாம்.

அறிகுறி: ஏற்றத்திலும் வளைவிலும் இழுவை விடுகிறது

கொழும்புக்குள் நன்றாக ஓடி, கண்டி வீதியில் கடுகண்ணாவ ஏற்றத்தில் துண்டு துண்டாக இழுக்கும். பிரஷர் கேஜை நீண்ட குழாயால் கண்ணாடிக்கு வெளியே கட்டி, ஒருவரைப் பார்க்கவிட்டு ஓட்டுங்கள். இழுவை விடும் கணத்தில் முள் விழுந்தால் பெற்றோல் பக்கம்தான்.

1. தாங்கியின் மூடியைத் திறந்ததும் உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் காற்றுத் துளை அடைப்பு. செலவில்லாத வேலை, முதலில் இதைச் செய்யுங்கள்.

2. ஃபில்டர். பழைய தாங்கியின் துரு புதிய பம்பின் வேகத்தில் கிளம்பி வரும். புதிய ஃபில்டரே நூறு கிலோமீற்றரில் அடைபடலாம். வெட்டிப் பார்த்தால் சிவப்புத் தூள் இருக்கும். அப்படியானால் தாங்கியை இறக்கிக் கழுவி உள்பூச்சுப் போட வேண்டும், ஃபில்டரை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

3. பம்ப் முனையில் வோல்ட். பற்றரியை விட 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயர் மெல்லியது. 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், தனி ரிலே, 15 அம்பியர் பியூஸ்.

4. அளவு. ரிட்டர்ன் குழாயைப் போத்தலில் விட்டு 30 விநாடி பம்பை ஓட்டினால் குறைந்தது அரை லீற்றர் வர வேண்டும். வெளியிடத்தில், தீயணைப்புக் கருவி பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும் செய்யுங்கள்.

5. தாங்கி கால் பங்குக்குக் கீழே இறங்கியதும் மட்டும் வந்தால், உள்ளே தடுப்பு இல்லாத பழைய தாங்கியில் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றைக் குடிக்கிறது. நிரந்தரத் தீர்வு ஒன்று அல்லது ஒன்றரை லீற்றர் சேர்ஜ் டாங்க்: சிறிய பம்ப் தாங்கியில் இருந்து அதை நிரப்ப, பெரிய பம்ப் அதிலிருந்து ரெயிலுக்குத் தள்ளும், மிச்சம் தாங்கிக்குத் திரும்பும். கேபினுக்குள் இதை வைக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, கருப்புப் புகையும் பெற்றோல் வாடையும் வந்தால் பெற்றோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் இல்லை. ரிட்டர்ன் இல்லாத எஞ்சின்களுக்கு ரெகுலேற்றர் ஒரிஜினல் தாங்கிக்குள் பம்போடு இருந்தது. அந்தத் தாங்கி இப்போது உங்களிடம் இல்லை. வெளியே ரெகுலேற்றரும் தாங்கிக்கு ரிட்டர்ன் குழாயும் போட்டே ஆக வேண்டும்.

அறிகுறி: சூடு ஏறுகிறது

எங்கே ஏறுகிறது என்பதே கேள்வி. மருதானை நெரிசலில் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்று போதவில்லை. ஃபேன் சுற்றும் திசை, ரிலே, ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றிய உறை) மூன்றையும் பாருங்கள். எலக்ட்ரிக் ஃபேனின் பிளஸ், மைனஸ் மாறினால் பின்னோக்கி ஊதும், ஒரு கடதாசியை ரேடியேற்றர் முன் பிடித்தால் தெரியும். ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தன் வட்டத்தை மட்டும் குளிர்விக்கும்.

கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஓடும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. அடைத்த ரேடியேற்றர், திறக்காத தேர்மோஸ்டாட், உறிஞ்சலில் நசுங்கும் கீழ்க் குழாய். 12ஆர் எஞ்சினுக்குச் செய்த இரண்டு வரிசை ரேடியேற்றர் இந்த எஞ்சினுக்குச் சிறியது. மூன்று வரிசைச் செம்புக் கோர் போட்டுத் தருவார்கள்.

புதிதாகத் தண்ணீர் ஊற்றிய உடனே ஏறினால் காற்றுக் குமிழ். எஞ்சின் ரேடியேற்றர் மூடியை விட உயரத்தில் அமர்ந்திருந்தால் அந்தக் காற்று போகாது. வண்டியின் மூக்கை ஏற்றத்தில் நிறுத்தி ஊற்றுங்கள், அல்லது மேல் குழாயில் ஊற்றும் வாய் ஒன்று வையுங்கள். ஹீட்டரைக் கழற்றியிருந்தால் அதன் இரண்டு குழாயையும் அடைக்காமல் ஒன்றோடொன்று இணையுங்கள்.

தண்ணீர் குறைந்துகொண்டே போய், ரேடியேற்றரில் குமிழ் வந்தால் புளொக் டெஸ்டர் திரவத்தைப் பிடியுங்கள். நீலம் மஞ்சளானால் ஹெட் கஸ்கட். அதற்கு மேல் ஓட்ட வேண்டாம், மெக்கானிக்கிடம் இழுத்துச் செல்லுங்கள்.

அறிகுறி: சார்ஜ் இல்லை, அல்லது திறப்பை எடுத்தும் எஞ்சின் அணையவில்லை

ஐடிலில் பற்றரி முனையில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் ஒல்டர்நேற்றரின் ஐஜி, எஸ், எல் ஆகிய மூன்று சிறு வயர்களையும் பாருங்கள். பழைய வெளி ரெகுலேற்றர் பெட்டி இன்னும் இணைப்பில் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

டாஷ்போர்டில் அம்மீற்றர் உள்ள வண்டிகளுக்கு ஓர் எச்சரிக்கை. 30 அம்பியருக்குச் செய்த அந்த மீற்றர் வழியே இன்றைய 80, 100 அம்பியர் ஒல்டர்நேற்றரின் மின்னோட்டத்தை விட்டால், மீற்றரின் பின் போல்ட்டில் வயர் உறை பழுப்பாகி, பிறகு உருகும். கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் வண்டியை அப்படியே நிறுத்துங்கள். ஒல்டர்நேற்றரில் இருந்து பற்றரிக்கு நேரே 16 சதுர மில்லிமீற்றர் கேபிள், 100 அம்பியர் பியூசிபிள் லிங்க். அம்மீற்றர் இருந்த இடத்தில் வோல்ட்மீற்றர்.

எஞ்சின் அணையாத கோளாறு எல் வயரால் வருகிறது. ஒல்டர்நேற்றர் அதன் வழியே மின்சாரத்தைத் திறப்புக் கோட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த வயரில் சார்ஜ் பல்ப் இருக்க வேண்டும். இருந்தும் அணையாவிட்டால் ஒரு டயோட் போடுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் ரேடியேற்றர் ஃபேனும் சில விநாடி இதே வேலையைச் செய்யும். அதன் ரிலேயின் கட்டுப்பாட்டு வயரை ஈசியூவின் கோட்டில் இருந்து பிரித்துக் கொடுங்கள்.

அறிகுறி: மீற்றர்கள் பொய் சொல்கின்றன

பெற்றோல், சூடு இரண்டு முள்ளும் ஒன்றாக உச்சத்துக்குப் போனால் மீற்றர் போர்டின் வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசருக்கு எர்த் இல்லை. சூட்டு முள் மட்டும் தவறென்றால், பழைய மீற்றரை ஈசியூவின் சென்சரில் இணைத்திருப்பார்கள். அது இரண்டையும் கெடுக்கும். பழைய சென்டரைத் தனியாக, ரேடியேற்றர் மேல் குழாயில் ஒரு அடாப்டர் வைத்துப் பொருத்துங்கள். ஆர்பிஎம் மீற்றருக்கு ஈசியூவின் டாக் பின். பழைய மீற்றர் அந்தச் சிறு சிக்னலைப் படிக்காவிட்டால் இடையே ஒரு மாற்றி வேண்டும்.

அறிகுறி: 60, 80 கிலோமீற்றர் வேகத்தில் அதிர்வு

கியரை நியூட்ரலில் போட்டு ஓடவிட்டும் அதிர்ந்தால் எஞ்சின் அல்ல, கியர்பொக்ஸில் இருந்து பின் அச்சுக்குப் போகும் ப்ரொபெலர் ஷாஃப்ட். கியர்பொக்ஸின் வெளி முனையும் பின் அச்சிலுள்ள டிஃப்பின் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக, 1 பாகைக்குள் இருக்க வேண்டும். ஷாஃப்டின் ஒவ்வொரு குரோஸ் மூட்டிலும் கோணம் 1 முதல் 3 பாகை. போனில் உள்ள கோணமானியே அளக்கப் போதும். சக்கரங்கள் தரையில் நிற்கையில், வழமையான சுமை ஏற்றி அளந்து பாருங்கள். ஷாஃப்டை வெட்டி நீட்டியிருந்தால் பலன்ஸ் பார்க்கக் கூடிய லேத்துக்குக் கொடுங்கள். கராஜில் வெல்ட் வைத்து நேராக்குவது இந்த வேகத்துக்குப் போதாது.

அறிகுறி: மழைக்குப் பிறகு மட்டும்

ஈசியூ தரைக்கம்பளத்தின் மட்டத்தில் இருந்தால் கையுறைப் பெட்டிக்குப் பின்னே மேலே ஏற்றுங்கள். பழைய கண்ணாடி ரப்பரின் வழியே வரும் நீர் வயரைப் பிடித்துக்கொண்டு பிளக்குக்குள் இறங்கும். ஆகவே பிளக் கீழ் நோக்கி, வயர் அதற்கும் கீழே ஒரு வளைவு வளைந்து போகட்டும். பிளக்கைக் கழற்றினால் பின்னில் பச்சை தெரியும். காண்டாக்ட் கிளீனர், மெல்லிய பிரஷ், பின்னர் காற்று.

கொழும்பின் ஆமர் வீதி போல வெள்ளம் தேங்கும் இடத்தில் நின்றுபோனால் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டாம். முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிய பிறகே சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொனெக்டிங் ரொட் வளையும்.

அறிகுறி: புகைப் பரிசோதனையில் தோற்றுவிட்டது

வருமான அனுமதிப்பத்திரத்துக்கு ஆண்டுதோறும் இது வேண்டும். எக்சோஸ்டை நீட்டிய இடத்தில், ஓட்சிசன் சென்சருக்கு முன்னால் ஒரு சிறு ஒழுக்கு இருந்தால் போதும். சென்சர் வெளிக் காற்றைப் படித்து ஈசியூ பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போகும். முதலில் அந்த வெல்ட்களைச் சவர்க்கார நீரால் பாருங்கள். பி0135 என்றால் சென்சரின் ஹீட்டர் வயர். பெற்றோல் பிரஷர் அதிகமா என்று பிறகு. கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைக் கழற்றியிருந்தால் திரும்பப் போடுங்கள்.

பரிசோதனைக்குப் போகும் முன் பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் புளொக்கில் உள்ளதும் ஒன்றா பாருங்கள். மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு கேட்கப்படும், ஆகவே பஞ்சிகாவத்தையில் வாங்கும்போதே எஞ்சின் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் அதையே அறிவியுங்கள்.